வீட்டு வாசலில் தொடங்கும் நலம்: தாதிமை மாணவரும் சமூக நலவாழ்வும்

முன்னுரை

மருத்துவத்தின் கூறுகள் நான்கு என வகுத்தார் வள்ளுவர். நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து ஆகிய மூன்றையும் கூறியபின், அருகிலிருந்து துணைபுரிபவரை நான்காம் கூறாக வைத்தார். இந்நான்கனுள் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் நிறைவு பெறாது என்பது அவ்வகுப்பின் உட்பொருள். மருத்துவ வரலாற்று நூல்கள் பலவற்றில் முதல் மூன்று கூறுகளுக்குக் கிடைத்த இடம் நான்காம் கூறுக்குக் கிடைத்ததில்லை. அந்த நான்காம் கூறின் வரலாற்றையே இக்கட்டுரையில் நாம் காண முற்படுகிறோம். அதிலும், இன்னும் பயிற்சியை முடிக்காத தாதிமை மாணவர்கள் ஒரு சமூகத்தின் நலவாழ்வுக்கு எவ்வாறு துணைபுரிய இயலும் என்னும் கேள்வியை முன்வைத்துக் காண்போம்.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். தமிழகத்தில் 'செவிலியர்' என்றும், சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 'தாதியர்' என்றும் வழங்குகிறோம். சங்க அகப்பாடல்களில் வரும் செவிலி, தலைவியை வளர்த்தெடுக்கும் தாய், தோழியைப் பெற்றவள். அவள் இயங்கும் இடம் இல்லம். உண்டாளா, உறங்கினாளா, மேனி வாடிற்றா, முகம் மாறிற்றா எனத் தலைவியை நாள்தோறும் கவனிப்பவள் அவளே. 'தாதி' என்னும் சொல்லுக்கும் வளர்ப்புத்தாய் என்னும் பொருள் உண்டு. ஆகவே நம் மொழியில் இவ்விரு சொற்களும் மருத்துவமனைப் படுக்கையின் அருகில் பிறந்தவை அல்ல. வீட்டு முற்றத்தில் பிறந்தவை. நோய் வந்தபின் ஆற்றுதலுக்கு முன்பே, நோய் வாராமல் காத்தலை அவை தம்முள் கொண்டிருக்கின்றன. உலகெங்கும் தாதிமைத் தொழில் வளர்ந்த வரலாறும் இதே உண்மையைப் பல இடர்ப்பாடுகளுக்குப் பின் கண்டறிந்த வரலாறேயாகும்.

மருத்துவமனையை விட்டு வெளியே வந்த தாதியர்

நவீனத் தாதிமையின் தொடக்கத்தை நாம் பெரும்பாலும் ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேலிடம் காண்கிறோம். 1859இல் அவர் தாதிமை பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1860இல் லண்டனின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரால் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. தூய காற்று, தூய நீர், வெளிச்சம், கழிவுநீர் அகற்றல், வீட்டின் தூய்மை ஆகியவற்றையே அவர் அந்நூலில் முதன்மையாக வலியுறுத்தினார். மருந்தைப் பற்றிப் பேசுவதைக் காட்டிலும் சன்னலைப் பற்றி அவர் மிகுதியாகப் பேசினார் என்று கூறினும் தகும்.

அதே 1859ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்ப்பூல் நகரில் வேறொரு நிகழ்வும் நடந்தது. வில்லியம் ராத்போன் என்னும் வணிகர், நோயுற்றிருந்த தம் மனைவியை வீட்டில் கவனித்துக்கொள்ள மேரி ராபின்சன் என்னும் தாதியை அமர்த்தியிருந்தார். மனைவி மறைந்தபின், அத்தாதியை மூன்று மாதங்களுக்கு நகரின் ஏழைகளின் வீடுகளுக்குச் சென்று பணியாற்றுமாறு வேண்டினார். ஒரு மாதம் கழிவதற்குள் அத்தாதி மனம் உடைந்து திரும்பி வந்தார். தாம் கண்ட துன்பத்தைத் தாங்க இயலவில்லை என்றார். ஊக்குவித்த பின்னர் மீண்டும் சென்றவர், மூன்று மாத முடிவில் அப்பணியை விட்டு விலக மனமின்றித் தொடர்ந்தார். இதன் பயனாக, நைட்டிங்கேலின் அறிவுரையுடன் லிவர்ப்பூலில் பயிற்சிப் பள்ளி உருவாயிற்று. நகரம் 18 வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிற்கும் தாதியர் நியமிக்கப்பட்டனர். வட்டாரத் தாதிமை என்னும் முறை இவ்வாறு வேர்கொண்டது. வீட்டுக்குள் நுழையும் தாதி முதலில் எதிர்கொள்வது நோயை மட்டுமன்று, வறுமையையும் தம் இயலாமையையும் என்பதை இந்நிகழ்வு நமக்கு உணர்த்துகிறது. இக்காலத் தாதிமை மாணவர்களும் முதல் இல்ல வருகையின்போது இவ்வுணர்வையே அடைவர். அது தோல்வியன்று, பணியின் தொடக்கம்.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால், நியூயார்க் நகரில் 1893ஆம் ஆண்டு லில்லியன் வால்ட் என்பவர் மருத்துவக் கல்லூரி மாணவியாக இருந்தார். அதற்கு முன்பே தாதிமைப் பயிற்சியை நிறைவு செய்தவர் அவர். குடியேறிகள் நெருக்கமாக வாழ்ந்த கிழக்குப் பகுதியில் பெண்களுக்கு இல்லப் பராமரிப்பு வகுப்பு நடத்திக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுமி வந்து நோயுற்ற தன் தாயிடம் அவரை அழைத்துச் சென்றாள். அன்று அவ்வீட்டில் கண்ட காட்சி அவருடைய வாழ்க்கைப் பாதையை மாற்றியது. மருத்துவக் கல்லூரியை விட்டு விலகி, அம்மக்களிடையே குடியிருந்து பணியாற்றத் தொடங்கினார். 'பொதுச் சுகாதாரத் தாதி' என்னும் பெயர் வழக்கிற்கு வந்தது அவர் வழியாகத்தான்.

ஆசிரியர்களும் மாணவர்களும் சிறப்பாக நினைவில் கொள்ளத்தக்க நிகழ்வு ஒன்று அவர் முயற்சியால் 1902இல் நடந்தது. அக்காலத்தில் நியூயார்க்கின் பள்ளிகளில் மருத்துவ ஆய்வாளர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்து, கண்நோய், படர்தாமரை, பேன் முதலியவை காணப்பட்டால் வீட்டிற்கு அனுப்பிவிடுவர். நோயைக் கண்டறிந்தனரேயன்றி, அதைத் தீர்க்க வழி செய்தாரில்லை. பிள்ளைகள் வாரக்கணக்கில் வீட்டிலும் தெருவிலும் இருந்தனர். லீனா ராஜர்ஸ் என்னும் தாதி அக்டோபர் மாதத்தில் நான்கு பள்ளிகளில் சோதனை முயற்சியாகப் பணியமர்த்தப்பட்டார். அவர் சிறு நோய்களுக்குப் பள்ளியிலேயே மருந்திட்டார். மாலையில் வீடுகளுக்குச் சென்று தாய்மாருக்கு விளக்கினார். முயற்சி பயனளிக்கவே மேலும் தாதியர் சேர்க்கப்பட்டனர். 1902 செப்டம்பரில் நகரப் பள்ளிகளிலிருந்து நோயின் பொருட்டு விலக்கப்பட்ட பிள்ளைகள் 10,567 பேர். 1903 செப்டம்பரில் அந்த எண்ணிக்கை 1,101. புதிய மருந்து எதுவும் அவ்வாண்டில் கண்டுபிடிக்கப்படவில்லை. கண்டறிதலுக்கும் தீர்த்தலுக்கும் இடையே இருந்த வெற்றிடத்தை ஒருவர் நடந்து நிரப்பினார். மாற்றம் அதனால் விளைந்தது.

சிங்கப்பூர்: மாணவியரிடமிருந்து தொடங்கிய வரலாறு

இனி நம் தீவுக்கு வருவோம். சிங்கப்பூரில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் நாள் தாதியர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. 1885ஆம் ஆண்டு அதே நாளில், குழந்தை இயேசு கன்னியர் மடத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் கன்னியர் சிப்பாய் லைன்ஸ் பகுதியிலிருந்த பொது மருத்துவமனையில் தாதிமைப் பயிற்சியைத் தொடங்கினர். அந்நாளின் நினைவே இத்தினம். இங்கே நாம் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்று அவ்வாயிலில் நுழைந்தவர்கள் தேர்ச்சி பெற்ற தாதியர் அல்லர், கற்கத் தொடங்கியவர்கள். இந்நாட்டின் தாதியர் தினம், உண்மையில், தாதிமை மாணவர்கள் தம் முதல் பாடத்தைத் தொடங்கிய நாளாகும்.

ஆயினும் மருத்துவமனை மட்டும் ஒரு சமூகத்தைக் காத்துவிடவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிங்கப்பூரில் பிறந்த குழந்தைகளுள் பலர் முதற்பிறந்தநாளைக் காணவில்லை. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடி அறுக்கப்படுவதால் வரும் நோய்கள், வயிற்றுப்போக்கு, ஊட்டக்குறைவு, மலேரியா ஆகியவை பிஞ்சுயிர்களைப் பறித்தன. 1924இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை மகப்பேற்று மருத்துவமனையாயிற்று. பின்னாளில், 1966இல், ஓராண்டில் 39,835 குழந்தைகள் அங்கே பிறந்து உலகச் சாதனையாகப் பதிவு பெறும் அளவிற்கு அது வளர்ந்தது. ஆனால் 1920களில் நகருக்கு வெளியே, தென்னந்தோப்புகளிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் மீனவக் கிராமங்களிலும் வாழ்ந்த தாய்மாருக்கு மருத்துவமனை தொலைவில் இருந்தது. தொலைவு என்பது மைல் கணக்கு மட்டுமன்று. மொழியும் அச்சமும் பழக்கமும் சேர்ந்த தொலைவு அது.

அத்தொலைவைக் கடக்க முயன்றவர்களுள் முதன்மையானவர் ஐடா சிம்மன்ஸ். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த இவர் 1920களின் பிற்பகுதியில் சிங்கப்பூருக்கு வந்து, கிராமப்புறத் தாய்சேய் நலப்பணிக்குப் பொறுப்பேற்றார். தாய்மார் மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல், அவரும் அவருடைய உள்ளூர்த் தாதியரும் வீடு வீடாகச் சென்றனர். பிறந்த குழந்தையை எடை பார்த்தல், தொப்புள் ஆறும் வரை கவனித்தல், தாய்ப்பாலின் இன்றியமையாமையை எடுத்துரைத்தல், நீரைக் கொதிக்கவைத்துப் பருகச் சொல்லுதல் போன்றவையே இத்தகைய இல்ல வருகையின் பணிகள். பார்வைக்கு இவை எளியவை. ஆனால் முன்பின் அறியாத ஒருவர் சொல்வதைக் கேட்டு, பாட்டி காலத்திலிருந்து வரும் பழக்கத்தை ஒரு தாய் மாற்றிக்கொள்வது எளிதன்று. ஒருமுறை சென்றால் போதாது. மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். நம்பிக்கை ஒரு நாளில் முளைப்பதில்லை.

சிம்மன்ஸ் பணி தொடங்கிய காலத்தில் கிராமப்புறச் சிங்கப்பூரில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 263 பேர் ஓராண்டுக்குள் இறந்தனர். 1948இல் அவர் ஓய்வு பெற்றபோது அந்த எண்ணிக்கை 57ஆகக் குறைந்திருந்தது. இடையே ஜப்பானிய ஆட்சிக்காலமும் வந்து சென்றது. அக்காலத்தில் அவரும் சிறைப்பட்டிருந்தார். இன்று சிங்கப்பூரில் அவ்விகிதம் ஆயிரத்திற்கு ஏறத்தாழ 2. இம்மாற்றம் முழுவதற்கும் தாதியரே காரணர் என்று நாம் கூறின் அது வரலாற்றுக்கு நேர்மையாகாது. குழாய்நீர், கழிவுநீர்க் குழாய்கள், கொசு ஒழிப்பு, உணவு, வருமானம், தடுப்பூசி, பிற்காலத்தில் வந்த அடுக்குமாடி வீடுகள் என யாவும் இதில் பங்கு கொண்டுள்ளன. ஆனால் இவற்றுள் பல நகரத்திலிருந்து கிராமத்தைச் சென்றடையும் முன்பே, தாதியின் காலடி அங்கே சென்றடைந்துவிட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

சீருடையின் மீது வைத்த நம்பிக்கை

நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது, அது தவறாகப் பயன்பட்ட வரலாற்றையும் நாம் மறைத்தல் கூடாது. ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், 1936இல் மலாயாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கு முன்னர் ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட் பகுதியில், புரதக்குறைவால் குழந்தைகளைத் தாக்கும் 'குவாஷியோர்க்கர்' என்னும் நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர் அவர். சிங்கப்பூரில் பணியாற்றியபோது ஒரு கொடுமையைக் கண்டார். இனிப்பூட்டிய டின்பாலை விற்பனை செய்வோர், பெண்களுக்குத் தாதியர் போல் உடையணிவித்து நெருக்கமான குடியிருப்புகளுக்கு அனுப்பினர். அப்பெண்கள், தாய்ப்பாலைக் காட்டிலும் டின்பாலே சிறந்தது என்று பிள்ளை பெற்ற தாய்மாரை நம்பவைத்தனர். சர்க்கரை மிகுந்தும் சத்துக் குறைந்தும் இருந்த அப்பால், தூய்மையற்ற நீரில் கரைக்கப்பட்டபோது குழந்தைகளின் உயிரைக் குடித்தது.

1939இல் சிங்கப்பூர் ரோட்டரி மன்றத்தில் வில்லியம்ஸ் இதைப் பற்றி உரையாற்றினார். 'பாலும் கொலையும்' என்பது அவ்வுரையின் தலைப்பு. அறியாமையால் நிகழ்வதாயினும் இத்தகைய விளம்பரத்தால் விளையும் மரணங்களைக் கொலையெனவே கருத வேண்டும் என்று அவர் அஞ்சாது கூறினார். பின்னர் அவரும் சாங்கியில் சிறைப்பட்டார். போருக்குப் பின், உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப்பிரிவுக்குத் தலைமையேற்றார்.

இந்நிகழ்விலிருந்து தாதிமை மாணவர் கற்க வேண்டியது யாது? வெள்ளுடையைக் கண்ட மாத்திரத்தில் மக்கள் கதவைத் திறக்கின்றனர், சொல்வதை நம்புகின்றனர். அந்நம்பிக்கை தனியொருவர் ஈட்டியதன்று. முன்சென்ற தலைமுறையினர் நடந்து நடந்து சேர்த்துவைத்த செல்வம். அதை விற்போரும் உளர், காப்போரும் உளர். இக்காலத்தில் டின்பால் விற்கும் போலித் தாதியர் நம் படியேறுவதில்லை. ஆனால் நீரிழிவை ஏழு நாளில் போக்கும் பொடி, தடுப்பூசியைப் பற்றிய பொய், மருத்துவர் பெயரால் பரவும் குரற்பதிவு ஆகியவை கைப்பேசி வழியே நம் முதியோரை நாள்தோறும் வந்தடைகின்றன. அவற்றிற்கு மறுமொழி கூறவல்ல ஒருவர் அந்த வீட்டுக்கோ, அந்தப் புளோக்கின் கீழ்த்தளத்துக்கோ வந்து அமர வேண்டியுள்ளது.

வேலூரும் சென்னையும் தந்த சான்றுகள்

தமிழ்மண்ணிலும் இதே உண்மை இருமுறை மெய்ப்பிக்கப்பட்டது. வேலூரில் மருத்துவப்பணி ஆற்றிய ஐடா ஸ்கடர், நோயாளிகள் தம்மிடம் வரும்வரை காத்திருக்கவில்லை. குறித்த நாளில் குறித்த சாலை வழியே சென்று, மரத்தடிகளில் நின்று மருத்துவம் பார்த்தார். சாலையோர மருத்துவ முகாம் என்னும் அம்முறை வாரந்தோறும் தவறாமல் நடந்ததே அதன் வலிமை. 1909இல் அவர் வேலூரில் தாதிமைப் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்து, இந்தியாவில் தாதிமைப் பட்டம் வழங்கிய முதல் கல்லூரிகளுள் ஒன்றாயிற்று. அங்குப் பயிலும் மாணவர்களுக்கு அண்டைக் கிராமங்களும் வகுப்பறைகளாயின. சமூக நலத் தாதிமை அவர்தம் பாடத்திட்டத்தின் பகுதியாயிற்று.

இரண்டாம் சான்று சென்னையைச் சார்ந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, காசநோயாளிகளை நல்ல காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் உள்ள சிறப்பு மருத்துவமனைகளில் பல மாதங்கள் வைத்திருப்பதே முறையான மருத்துவம் எனக் கருதப்பட்டது. ஆனால் நோயாளிகளின் தொகைக்கு ஈடான படுக்கைகள் எந்த ஏழை நாட்டிலும் இல்லை. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு ஒன்று, நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை மருத்துவமனையிலும் மற்றொரு பிரிவினரை அவரவர் வீட்டிலும் வைத்து ஒரே மருந்துகளை அளித்து ஒப்பிட்டது. வீட்டில் இருந்தவர்கள் நெருக்கடியான குடியிருப்புகளில், குறைந்த உணவுடன், வேலைக்கும் சென்றுகொண்டு வாழ்ந்தவர்கள். 1959இல் வெளியான முடிவுகள் உலகை வியக்கவைத்தன. இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்தவர்களின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை.

இம்முடிவு தானாக வாய்க்கவில்லை. நலப் பார்வையாளர்கள் வீடுகளுக்கு முன்னறிவிப்பின்றிச் சென்றனர், மாத்திரைகளை எண்ணினர், தொடர்ந்து உட்கொள்கிறாரா எனக் கண்காணித்தனர், உட்கொள்ளாதவரின் மனத்தடையைக் கேட்டறிந்தனர். மருந்தைக் கண்டுபிடித்தது ஆய்வகம்; அம்மருந்து நோயாளியின் உடலைச் சென்றடையச் செய்தது இல்ல வருகை. வள்ளுவர் வகுத்த நான்காம் கூறின்றி மூன்றாம் கூறு பயன்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இன்றைய களம்

ஒரு நூற்றாண்டுக்கு முன் நம்மை அச்சுறுத்தியவை தொற்றுநோய்களும் சிசு மரணங்களும். இன்று நம் வீடுகளில் குடியிருப்பவை நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மறதிநோய், தனிமை ஆகியவை. 2030ஆம் ஆண்டளவில் சிங்கப்பூர்க் குடிமக்களுள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்தது. அந்நோய் இந்தியச் சமூகத்தில் மிகுதியாகக் காணப்படுகிறது என்பதை நாம் அறிவோம்; அறிந்தும் பிரியாணிக்கும் பலகாரத்துக்கும் விலக்களித்துவிடுகிறோம். 2023இல் தொடங்கிய 'ஹெல்தியர் எஸ்ஜி' திட்டம், ஒவ்வொருவரும் ஒரு குடும்ப மருத்துவரோடு தொடர்பு கொண்டு நோயைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டுள்ளது. மருத்துவமனையின் சுவர்களுக்கு வெளியே நலவாழ்வைத் தேடும் பழைய பாதைக்கே நாம் மீண்டும் வந்துள்ளோம்.

இப்பாதையில் மாணவர்கள் ஏற்கெனவே நடக்கத் தொடங்கிவிட்டனர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ, தாதிமை மாணவர்கள் 2007 முதல், வாடகை வீடுகள் உள்ள வட்டாரங்களில் வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை முதலியவற்றைப் பரிசோதித்து வருகின்றனர். 2014இல் தொடங்கிய 'மூன்று தலைமுறை' இல்லப் பராமரிப்புத் திட்டத்தில், பல்கலைக்கழக மாணவர்கள் பள்ளி மாணவர்களையும் உடன் அழைத்துக்கொண்டு, அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியோரை அவர்தம் வீடுகளில் சென்று காண்கின்றனர். பள்ளி மாணவர், பல்கலைக்கழக மாணவர், முதியோர் என மூன்று தலைமுறையினர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். கற்பிப்பவர் யார், கற்பவர் யார் என்று பிரித்தறிய இயலாத வகுப்பறை அது.

இத்தகைய பணிகளில் ஈடுபடும் மாணவர்கள், வரலாறு உணர்த்தும் எல்லைகளை அறிந்திருத்தல் நன்று. நோயின்னதென முடிவு கூறுவதும் மருந்தை மாற்றச் சொல்வதும் மாணவர் பணியல்ல. மேற்பார்வையாளரிடம் உடனே எடுத்துச் செல்வதே பணி. பிறர் வீட்டில் கண்டதையும் கேட்டதையும் வெளியே பேசலாகாது. நோயாளியோடு படமெடுத்து ஊரறியப் பகிர்வது தொண்டாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அளந்துவிட்டுச் சென்றுவிடுதல் போதாது. லீனா ராஜர்சுக்கு முன்னிருந்த ஆய்வாளர்கள் செய்த பிழை அதுவே. இரத்த அழுத்தம் மிகுதி என்று ஒரு மூதாட்டியிடம் எண்ணைச் சொல்லி எழுந்து வந்தால், அவருக்கு நாம் அளித்தது அச்சம் மட்டுமே. அவர் மருத்துவரிடம் சென்றாரா, செல்லவில்லையெனில் தடுத்தது கட்டணமா, முழங்கால் வலியா, துணையின்மையா எனக் கேட்டறியும் இரண்டாம் வருகையில்தான் தாதிமை தொடங்குகிறது.

மொழியும் மருந்தே

மொழியை வளர்க்கும் நோக்கில் கூடும் நாம், இவ்வரலாற்றில் மொழிக்குரிய இடத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நோயாளி தம் நோயைத் தம் மொழியிலேயே உணர்கிறார். 'உயர் இரத்த அழுத்தம்' என்று நாம் எழுதுகிறோம். அவர் 'ரத்தக் கொதிப்பு' என்கிறார். 'நீரிழிவு' என்று நம் பாடநூல் கூறுகிறது. இந்நாட்டிலும் மலேசியாவிலும் பலர் 'இனிப்பு நீர்' என்கின்றனர். 'நெஞ்சு கரிக்குது', 'கைகால் குடையுது', 'கண்ணை இருட்டிக்கிட்டு வருது' என்னும் தொடர்கள் ஒவ்வொன்றும் ஒரு மருத்துவக் குறிப்பு. 'கண்ணை இருட்டிக்கிட்டு வருது' என்பதை வெறும் தலைவலியாக மொழிபெயர்த்தால், சர்க்கரை குறைந்து மயங்கும் நிலையிலிருக்கும் ஒருவரை நாம் தவறவிட நேரும்.

மேலும், நோயாளி தமக்கு நெருக்கமான மொழியில் பேசும்போதுதான் மறைத்தவற்றைச் சொல்கிறார். மருத்துவரிடம் ஆங்கிலத்தில் 'யெஸ்' என்று தலையசைத்த அதே பெரியவர், தமிழில் அன்போடு "தாத்தா, இந்த மாத்திரையைத் தினமும் போடுறீங்களா?" என்று கேட்கும் பேத்தி வயதுடைய மாணவியிடம், "வெள்ளிக்கிழமை விரதம், அன்னைக்குப் போடுறதில்லம்மா" என்பார். அந்த ஒரு விடை, பல நாள் விளங்காதிருந்த சர்க்கரை அளவின் ஏற்றத்தாழ்வை விளக்கிவிடும். மருத்துவமனைப் பதிவேட்டில் இல்லாத அச்செய்தியைப் பெற்றுத் தந்தது கருவியன்று, மொழி.

ஆகவே தாதிமை பயிலும் தமிழ் மாணவர்களுக்கு, பள்ளியில் கற்ற தமிழ் தேர்வோடு முடிந்துபோகும் பாடமன்று. அவர்தம் தொழிற்கருவிகளுள் ஒன்று. செந்தமிழ்ச் சொல்லையும் மக்கள் வழக்கையும் ஒருசேர அறிந்தவரே இப்பணிக்குத் தகுந்தவர். தமிழாசிரியர்கள் இதற்குத் துணைபுரியலாம். வீட்டிலுள்ள தாத்தா பாட்டியிடம் அவர்கள் உட்கொள்ளும் மருந்துகள், நோய்க்கு அவர்கள் வழங்கும் பெயர்கள், அஞ்சும் செய்திகள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிவரச் செய்யும் ஓர் இடுபணி, உரையாடல் பயிற்சியாகவும் சொற்களஞ்சியமாகவும் அமையும். அவ்வாறு தொகுத்த சொற்களைத் தாதிமை மாணவர்களோடு பகிர்ந்துகொண்டால், அது மொழிக்கும் ஆகும், நலத்துக்கும் ஆகும். சீன, மலாய் முதியோரிடம் செல்லும் மாணவர்களுக்கும் அவரவர் மொழியில் இதே தேவை உண்டு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

நிறைவுரை

லிவர்ப்பூலின் சந்துகளிலிருந்து சிங்கப்பூரின் கிராமங்கள் வரை, நியூயார்க்கின் பள்ளிகளிலிருந்து சென்னையின் குடிசைகள் வரை நாம் கண்ட வரலாறு ஒன்றையே வலியுறுத்துகிறது. நலவாழ்வு, கதவைத் தட்டும் ஒருவரையும் அக்கதவைத் திறக்கும் ஒருவரையும் வேண்டி நிற்கிறது. தட்டுபவர் பெரும்புலவராகவோ பெருமருத்துவராகவோ இருத்தல் வேண்டுமென்பதில்லை. 1885இல் பயிற்சி தொடங்கிய கன்னியரும், முதல் மாதத்தில் மனம் உடைந்து திரும்பிய மேரி ராபின்சனும் அதற்குச் சான்று. மீண்டும் வருபவராக இருத்தல் வேண்டும், அதுவே போதும்.

இன்று நம் புளோக்குகளில் மூடிய கதவுகளுக்குப் பின்னால், மாத்திரைப் பெட்டியை முன்வைத்துக்கொண்டு எந்த மாத்திரை காலைக்கு, எது இரவுக்கு எனக் குழம்பி அமர்ந்திருக்கும் முதியோர் உளர். அவர்கள் நம் பாட்டன் பாட்டியர். இத்தீவைக் கட்டியெழுப்பிய கைகளுக்கு உரியவர்கள். தாதிமை பயிலும் மாணவர் அக்கதவைத் தட்டட்டும். அவரை அனுப்பிவைக்கும் ஆசிரியர், அவர் நாவில் நல்ல தமிழையும் செவியில் பொறுமையையும் வைத்து அனுப்பட்டும். தாதியர், செவிலியர் என்னும் நம் பழஞ்சொற்கள் அப்பொழுது தம் முதற்பொருளை மீண்டும் பெறும்.